வெப்ஹுக் வேலையை ஏஜென்ட் கையில் கொடுத்த பிறகு

கொக்குவிலில் இருக்கும் எங்கள் சின்ன ஒபிஸுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி ரொறன்ரோ, இலண்டன் தமிழ்க் கடைகளுடையது. கடை ஷொப்பிஃபையில், காசு ஸ்ட்ரைப்பில், கோட் கிட்ஹப்பில். ஓடர் விழுந்தால் சொல்லு, காசு திரும்பினால் சொல்லு என்று ஒவ்வொரு சேவையிடமும் எங்கள் சேர்வர் முகவரியைப் பதிந்து வைப்பதுதான் வெப்ஹுக் சந்தா. கடைகள் கூடக் கூட, எது எங்கே பதிந்திருக்கிறது என்பது ஒரே ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் கலியாண வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் முழிக்க வேண்டியதுதான்.

2024 நவம்பரில் அன்த்ரொபிக் என்ற ஏஐ நிறுவனம் எம்சிபி நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ மொடல் வெளியே இருக்கும் சேவைகளோடும் கருவிகளோடும் பேசுவதற்கான பொது விதிமுறை அது. அதற்குப் பிறகு இப்படியான வேலைகளை ஏஜென்டுக்கு, அதாவது கருவிகளைத் தானே எடுத்து வேலை செய்யும் ஏஐக்கு, கருவிகளாகக் கொடுப்பது சுலபமாகிவிட்டது. சந்தாக்களைப் பட்டியலிட ஒன்று, புதிது போட ஒன்று, மாற்ற, அழிக்க, போய்ச் சேராததைத் திரும்ப அனுப்ப என்று தனித்தனிக் கருவிகள். ஒரு வருசத்துக்கு மேலாக இதோடு மாரடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது பட்டியல் எடுக்கும் வேலை. ஷொப்பிஃபை ஐந்து செக்கனுக்குள் பதில் எதிர்பார்க்கும். வராவிட்டால் நாலு மணித்தியாலத்துக்குள் எட்டுத் தடவை திரும்ப முயலும். அதுவும் சரிவராவிட்டால், ஏபிஐ (கோடிலிருந்தே சேவையோடு பேசும் வழி) வழியாகப் போட்ட சந்தாவையே எடுத்துவிடும். கோடை காலத்தில் ரொறன்ரோவில் பின்னேரம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. அந்த நேரத்தில் சேர்வர் படுத்தால், நாங்கள் பல்லுத் தேய்க்க முன்னமே சந்தா போய்விட்டிருக்கும். இப்போது இருக்க வேண்டிய சந்தாக்களை எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். ஏஜென்ட் விடியற்காலையில் உண்மையான பட்டியலை எடுத்து, அந்தக் கோப்போடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று இரண்டு வரியில் தமிழிலேயே எழுதி வைக்கும். இந்த ஒரு வேலைக்காகவே அதை வைத்திருப்பேன்.

கிட்ஹப் வேறு மாதிரி. தவறிய அனுப்பலை அது தானாகத் திரும்ப அனுப்பாது. நாங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் மூன்று நாளுக்குள். தவறியவற்றைத் தேடிப் பிடித்துத் திரும்ப அனுப்புவது ஏஜென்டுக்கு வெல்லம் சாப்பிடுவது போல.

புதுச் சந்தா போடும் இடத்தில்தான் தலையிடி. ஒருநாள் எங்கள் பெடியன் வந்து, "அண்ணை, ஒரு ஓடருக்கு ரெண்டு எஸ்எம்எஸ் போகுது, கடைக்கார அக்கா கோல் எடுத்துப் பேசுறா" என்றான். பதிவுகளைப் பார்த்தால், ஏஜென்ட் சந்தா போடக் கேட்டிருக்கிறது. பதில் வரத் தாமதம். தோற்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் போட்டிருக்கிறது. இரண்டும் பதிவாகி, ஒரே முகவரிக்கு ஒரே செய்தி இரட்டையாக வந்திருக்கிறது. ஒரே முகவரியில் அதே சந்தாவை இரண்டாம் தரம் கேட்டால் கிட்ஹப்பும் ஷொப்பிஃபையும் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுத்துவிடும். எல்லாச் சேவையும் அப்படி மறுக்காது. அதனால் புதிது போடும் கருவியை நாங்களே திருத்தி எழுதினோம்: முதலில் பட்டியலைப் பார்க்கும், அதே முகவரி இருந்தால் அதையே திருப்பித் தரும். வரும் நிகழ்வின் அடையாள எண்ணைக் குறித்து வைத்து, இரண்டாம் தரம் வந்தால் சேர்வர் விட்டுவிடும்.

அடுத்தது இரகசியச் சாவி. வந்த செய்தி உண்மையிலேயே ஸ்ட்ரைப்பிடமிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைச் சரிபார்க்க அது வேண்டும். ஏபிஐ வழியாகச் சந்தா போட்டால் அந்த நேரத்துப் பதிலில் மட்டும்தான் அது வரும். கருவி அந்தப் பதிலை அப்படியே ஏஜென்டிடம் நீட்டினால், சாவி உரையாடலுக்குள் விழுந்து பதிவுக் கோப்புகளிலும் கிடக்கும். நாங்கள் பார்த்த ஆயத்தக் கருவி ஒன்று அப்படித்தான் செய்தது. எங்கள் கருவி சாவியை நேரே பெட்டகத்தில் போட்டுவிட்டு, ஏஜென்டிடம் 'வைத்தாயிற்று' என்று மட்டும் சொல்லும்.

அழிக்கும் கருவியை ஏஜென்டுக்குக் கொடுக்கவே இல்லை. எம்சிபியில் ஒரு கருவி 'நான் அழிக்கக் கூடியவன்' என்று தன்னைப் பற்றிக் குறிப்பு வைக்கலாம்தான். ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு இல்லை. ஸ்ட்ரைப்பில் அனுமதி குறைத்த ஏபிஐ சாவி எடுக்கலாம் (மேலே சொன்ன கையொப்பச் சாவி வேறு). படிக்க மட்டும் விடும் சாவியைக் கொடுத்தால் ஏஜென்ட் நினைத்தாலும் கை வைக்க முடியாது. வாங்குகிறவர் ஓடர்க் குறிப்பில் எழுதுவதும் செய்தியோடு சேர்ந்து வரும் என்பதை மறக்கக் கூடாது. அங்கே யாரும் எதையும் எழுதலாம். 'இந்த முகவரியை மாற்று' என்றும் எழுதலாம். ஏஜென்ட் அதைக் கட்டளையாக எடுத்தால் என்ன செய்வது?

செலவு பற்றியும் கேட்பார்கள். பட்டியல் மலிவு. அனுப்பல் பதிவுகளை முழுதாகப் படிக்கவிட்டால் டோக்கன் (ஏஐ படிக்கும் எழுத்துத் துண்டு, அதை எண்ணித்தான் காசு) தண்ணியாய்ப் போகும். நாங்கள் பதிலின் நிலை எண், நேரம் இரண்டையும் மட்டும் கொடுக்கிறோம்.

ஒரே கடை, இரண்டு மூன்று சந்தா என்றால் இதெல்லாம் வேண்டாம், டாஷ்போர்ட் போதும். எங்களைப் போல ஒரு கூட்டம் கடைகளை வைத்துக்கொண்டு அந்தரப்படுகிறவர்கள், படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்துத் தொடங்கிப் பார்க்கலாம்.