அறுபதாயிரத்துக்குள் ரோடு பைக்: புது அலுமினியமா, பழைய கார்பனா, ஸ்டீலா?

நான்கு வருடம் ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டினேன். அடையாறிலிருந்து கோவளம் வரை விடியற்காலையில் சுகமாகப் போய்விடலாம். திரும்பும்போது எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால், நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஆள் விரித்துப் பிடித்த குடை மாதிரிதான். போன வருடம் அறுபதாயிரம் ரூபாய் சேர்ந்ததும் ரோடு பைக் வாங்கக் கிளம்பினேன். பம்ப், லைட், டயர் மாற்றும் செலவு எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம்.

மூன்று வண்டிகள் கண்ணில் பட்டன. முதலாவது, கடையில் போன வருட இருப்பாகக் கிடந்த புது அலுமினிய ஃப்ரேம்; ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் ரகக் கியர், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், பேரம் பேசி ஐம்பத்திரண்டாயிரம். இரண்டாவது, ஏழு வருடம் ஓடிய கார்பன் ஃபைபர் வண்டி. ஷிமானோவின் ‘105’ ரகக் கியர், ஐம்பத்தைந்தாயிரம். மூன்றாவது, தெரிந்தவர் மொட்டை மாடியில் கிடந்த பழைய ஸ்டீல் ஃப்ரேம். ஆறாயிரம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம், மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிக் கோக்க வேண்டும். வாங்கியது அலுமினியம். வாங்கியவன் வாங்கியதைத்தான் புகழ்வான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடையைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. கார்பன் எட்டரைக் கிலோவுக்குள், என்னுடையது பத்தரை. தூக்கிப் பார்த்தால் கார்பன் மயக்கும். நானும் இரண்டு நாள் மயங்கித்தான் கிடந்தேன். ஆனால் ஈசிஆர் மாதிரித் தட்டையான சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உழைப்பில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது காற்றுதான். அதைச் சமாளிப்பது குனிந்து உட்காரும் வாகு. அந்த வாகு மூன்றிலும் ஒன்றுதான்.

கியர் எண்ணிக்கையும் அப்படியே. ஷிமானோவில் டூர்னி என்றால் பின்னால் 7 பல்சக்கரம், கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10, அந்தக் கால 105 என்றால் 11. படி ஏற ஏற விரலுக்கு இதமாக மாறும், பல்சக்கரங்களுக்கு இடையிலான தாவலும் குறையும். மறுக்கவில்லை. ஆனால் முட்டுக்காடு பாலத்தைத் தவிர வேறு மேடே இல்லாத ஊரில் பதினொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்டீல் பற்றி எனக்கு ஒரு பாசம் உண்டு. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது 1949இல். அதன் பிரிட்டிஷ் பங்காளியான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கையில்தான் ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனமும் இருந்தது. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாயில் அந்தக் காலத்துப் பந்தய வண்டிகள் ஏராளமாக ஓடின. இதையெல்லாம் படித்துவிட்டு அந்த மொட்டை மாடி ஃப்ரேமைப் போய்ப் பார்த்தேன். அது 531 இல்லை, கனமான சாதாரண எஃகு. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மில்லிமீட்டர். இன்றைய ரிம் பிரேக் சக்கரத்துக்கு 130 வேண்டும். ஸ்டீலை இழுத்து விரிக்கலாம், அதற்குத் தெரிந்த கை வேண்டும். பாகங்களைச் சில்லறையாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் முழு வண்டியின் விலையைத் தாண்டியது. நான் ஸ்டீல் வண்டியில் நெடுந்தூரம் போனதில்லை. நண்பருடைய குரோமோலி எஃகு வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஓட்டியதோடு சரி. மேடுபள்ளத்தில் மெத்தென்று போனது. அது எஃகின் குணமா, அவர் போட்டிருந்த 32 மில்லிமீட்டர் டயரின் குணமா என்று கேட்டால், டயர் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே போட்டி அலுமினியத்துக்கும் பழைய கார்பனுக்கும்தான். அதைத் தீர்த்து வைத்தது ஒரு சின்ன அலுமினியத் துண்டு.

செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளுகிற பின் டிரெய்லியரை ஃப்ரேமோடு பிணைப்பது ஹேங்கர் என்ற இரண்டு விரல் அகலத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் ஃப்ரேமும் டிரெய்லியரும் தப்பித்து இது மட்டும் வளைய வேண்டும் என்றே மெத்தென்ற உலோகத்தில் செய்வார்கள். சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான ரோடு பைக்குகளில் இதற்குப் பொது அளவு கிடையாது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் மாறும். அதே நிறுவனத்தின் அடுத்த வருட வண்டிக்கே வேறு வடிவம் இருக்கலாம்.

நண்பர் ஒருவர் எனக்கு முன்பே பழைய கார்பன் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். கோவளம் டீக்கடைச் சுவரில் சாய்த்து வைத்தது சறுக்கி வலப்பக்கம் விழுந்தது. கீறல்கூட இல்லை. துடைத்துவிட்டு ஏறினார். பத்து நிமிடத்தில் எதிர்க்காற்றுக்குப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினார்; வளைந்திருந்த ஹேங்கர் டிரெய்லியரைச் சக்கரக் கம்பிகளுக்குள் தள்ளியது. படாரென்று ஒரு சத்தம், சக்கரம் நின்றது, ஹேங்கர் இரண்டு துண்டு. நல்லவேளை, அவர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை அந்த உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் சாவி செய்கிறவர் வைத்திருப்பதைப் போல வளையத்தில் கோத்த முப்பது நாற்பது ஹேங்கர்களை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். துளை பொருந்தினால் வளைவு பொருந்தவில்லை, வளைவு பொருந்தினால் திருகு மறை வேறு. கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஐந்து வாரம் ஆனது. அதுவரை அந்த எட்டரைக் கிலோ அழகு வரவேற்பறையில் நின்றது.

பார்த்து வைத்திருந்த கார்பன் வண்டியை விற்பவரிடம் அன்று மாலையே கேட்டேன்: “இதுக்கு ஸ்பேர் ஹேங்கர் இருக்கா சார்?” ஹேங்கர் என்றால் என்ன என்று கேட்டார்.

என் வண்டியும் விழாமல் இல்லை. திருவான்மியூரில் ஏடிஎம் வாசலில் யாரோ இடித்துத் தள்ளினார்கள். நடப்பில் இருக்கும் மாடல் என்பதால் ஹேங்கர் நானூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது, மாட்டப் பத்து நிமிடம். இப்போது சீட்டுப் பையில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன். ஸ்டீல் ஃப்ரேம்கள் பலவற்றில் இந்தத் தொல்லையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஹேங்கர் ஃப்ரேமோடு சேர்ந்தது, வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம்.

செயினும் இதே கதைதான். எட்டு கியர் செயின் அகலமானது. 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே செயின் ஓடும். பள்ளிப் பிள்ளைகளின் கியர் சைக்கிளுக்குப் போடும் அதே ரகம் என்பதால் செங்கல்பட்டிலோ திண்டிவனத்திலோகூட ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். போன முறை நான் கொடுத்தது எழுநூறு சொச்சம். கேசட், அதாவது பின் பல்சக்கரக் கொத்து, ஆயிரத்து முந்நூறு. நண்பர் பதினொரு கியருக்குச் செயின், கேசட் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய ஏழாயிரம் கொடுத்தார். கடற்கரை மணலும் உப்புக் காற்றும் செயினைச் சும்மா விடாது. இரும்பு ஸ்கேலை வைத்து அளந்துபாருங்கள்: புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்து வரும் இருபத்து நான்காவது ஆணி வரை சரியாக 12 அங்குலம். அது பதினாறில் ஓர் அங்குலம் நீண்டிருந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒன்று நீளும்வரை ஓட்டினால் கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டில் மறை உள்ளதா, அழுத்திச் செருகியதா என்றும் பாருங்கள். செருகு வகைக்குள் மணல் போனால் கிரீச் கிரீச்சென்று சத்தம் கிளம்பலாம், அழுத்திப் பொருத்தத் தனிக் கருவி வேண்டும். மறை வகையைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டிவிடலாம். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ரோடு பைக் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் நான் ஸ்பேனரை வைத்ததுமே, “தம்பி, செயின் பக்கம் உல்டா மறை. வழக்கமா தொறக்கிற மாதிரி திருப்பினா இன்னும் இறுகும்” என்றார். அறுபது வருடப் பழைய ரோட்ஸ்டர் அறிவு அப்படியே செல்லுபடியாகிறது.

மிச்சம் பிடித்த பணம் டயருக்குப் போனது. வண்டியோடு வந்தது 25 மில்லிமீட்டர் டயர். 100 பிஎஸ்ஐ காற்றடித்தால் சாலையில் போட்ட வெள்ளைக்கோட்டின் தடிப்புக்கூட மணிக்கட்டில் தெரியும். மூன்று மாதத்தில் ஆறு பஞ்சர். ஆறில் நான்கு, முடி மாதிரி மெல்லிய இரும்புக் கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது சாலையோரம் கொட்டுவது. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் மாட்டும். நகவெட்டியால் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காமல் டியூபை மட்டும் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி உட்கார வேண்டியதுதான். நான் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள 28 டயருக்கு மாறினேன். காண்டினென்டல் கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே துரானோ பிளஸ் எல்லாம் இந்த வகை. இரண்டுக்கும் சேர்த்து ஐந்தாயிரத்தைத் தாண்டியபோது வயிறு எரிந்தது உண்மை. எனக்கு 78 கிலோ. இப்போது 80 பிஎஸ்ஐ போதும், கை மரத்துப்போவது நின்றது, பத்து மாதத்தில் இரண்டே பஞ்சர். அந்தப் பழைய கார்பன் வண்டியில் பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே 25க்கு மேல் இடமில்லை. ஃப்ரேம் பார்க்கப் போகிறவர்கள் ஸ்டிக்கரைப் பார்ப்பதற்கு முன் இந்த இடைவெளியைப் பாருங்கள். என் வண்டியும் 28ஓடு நின்றுவிடுகிறது. அதே மாடலின் டிஸ்க் பிரேக் வண்டியில் 32 போகும். எட்டாயிரம் கூட என்பதால் விட்டேன். அது தப்புக் கணக்காக இருக்கலாம். மழையில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும் என்பதும் தெரியும். ஆனால் கொட்டும் மழையில் நான் வண்டியை எடுப்பதில்லை.

டியூப் விஷயத்தில் மூன்று வண்டிக்கும் ஒரே எச்சரிக்கை. ரோடு பைக் ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர், நம்மூர் பெரிய ரோட்ஸ்டருக்கு 635. அவசரத்துக்கு அந்த டியூபை வாங்கலாம் என்று நினைத்தால், அதன் தடித்த வால்வ் நம் ரிம் துளைக்குள் நுழையவே நுழையாது. 200 கிலோமீட்டர் பிஆர்எம் (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டும்போது மரக்காணம் தாண்டி என் கைபம்ப் உடைந்தது. பஞ்சர் கடைக்காரர் ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வை உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல எங்க சார் காத்து போகும்?” என்றார். நாற்பது ரூபாய்ப் பித்தளை அடாப்டர் பையில் இருந்ததால் பிழைத்தேன். பதின்மூன்றரை மணி நேரக் கெடுவில் இருபது நிமிடம் கைவசம் இருக்க வந்து சேர்ந்தேன்.

மலை என்றால் நான் சொன்னதில் பாதி செல்லாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஒரே ஒருமுறை ஏறியிருக்கிறேன், அதிலும் இரண்டைத் தள்ளிக்கொண்டு. முன்னால் 34, பின்னால் 28 பல் போதவில்லை. திரும்பி வந்ததும் 32 பல் கேசட் போட்டேன். அங்கே அந்த இரண்டு கிலோ கழுத்தைப் பிடித்தது. கோயம்புத்தூர், சேலம் பக்கம் இருந்துகொண்டு வாராவாரம் மலை ஏறுகிறவர் நல்ல நிலையில் உள்ள கார்பனை எடுத்தால் நான் தடுக்க மாட்டேன். விற்பவரிடம் ஹேங்கரை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் சீட் கம்பம் அசைகிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். கார்பனுக்குள் அலுமினியக் கம்பம் வருடக்கணக்கில் வியர்வை உப்போடு கிடந்தால் பூத்து இறுகி ஒட்டிக்கொள்ளும்.

நண்பர் அந்த வண்டியை இன்னும் விற்கவில்லை. போன மாதம் அதற்கு இரண்டு ஹேங்கர் வரவழைத்தார்.