வைரல் லோட் சோதனை: அரசு கிளினிக்கா, தனியார் லேபா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம், எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.வி. மாத்திரை எடுக்கிறவர்களுக்கு வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஏரியா கிளினிக்கில் ரத்தம் கொடுத்தால் அது தேசிய சுகாதார ஆய்வகச் சேவைக்குப் போகும். இல்லையென்றால் டாக்டரிடம் சீட்டு வாங்கித் தனியார் லேபில் கொடுக்கலாம். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இருந்தபோது நான் தனியாரில்தான் பார்த்தேன். நடுவில் வேலை மாறி, கிளினிக்குக்கு வந்தேன். இப்போது மறுபடியும் மெடிக்கல் எய்ட் கிடைத்த பிறகும் கிளினிக்கை விடவில்லை.

காசைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிளினிக்கில் இலவசம், தனியாரில் மெடிக்கல் எய்ட் கட்டும், அதுவும் இல்லாதவருக்குக் கையைக் கடிக்கும். நேரக் கணக்கில் தனியார்தான் ஜெயிக்கும். ரிசப்ஷனில் பெயர் சொல்லி, ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். கிளினிக்கில் விடிவதற்கு முன்பே பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டும். துல்லியம் என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் வைரஸின் மரபணுவை எண்ணும் பி.சி.ஆர். முறைதான், தனியார் என்பதற்காக மெஷின் கூடுதலாக எதையும் கண்டுபிடித்துவிடாது.

நம் ஆட்கள் தனியாருக்குப் போவதன் நிஜக் காரணம் வேறு. நம் ஆட்கள் நிறைய இருக்கும் டர்பன் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் கிளினிக் வரிசையில் நின்றால், கோயிலில் பார்க்கும் ஆன்ட்டி ஒருவர் இரண்டு ஆள் தள்ளி நிற்பார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தனியார் லேபின் ரிசப்ஷனில் இருப்பதும் நம் ஊர்ப் பெண்தானே? கிளினிக்கிலாவது ஷுகர், பிரஷர், ஆஸ்துமா எல்லாமே ஒரே பெஞ்சு. யார் எதற்கு வந்தார்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. அப்பாவோ கணவரோ பெயரில் மெடிக்கல் எய்ட் இருந்தால், ஸ்டேட்மென்ட் யாருக்குப் போகும் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சரி, என்னை இந்தப் பக்கம் சாய்த்தது எது? ரிசல்ட்டைப் படிப்பதும், படித்த பிறகு நடப்பதும்.

என் பழைய தனியார் ரிப்போர்ட்டில் "20க்குக் கீழ்" என்று இருந்தது. கிளினிக்கில் வந்த முதல் ரிசல்ட் "50க்குக் கீழ்". வைரஸ் கூடிவிட்டதோ என்று மனசு அடித்துக்கொண்டது. சிஸ்டர் ஃபைலைத் திருப்பிக் காட்டி, இது உன் அளவு இல்லை, எண்ணிச் சொல்வதற்கு வைத்திருக்கும் கீழ்க்கோடு என்றார். எடை மெஷினில் கடுகை வைத்தால் முள் அசையாது. அதற்காகக் கடுகே இல்லை என்று அர்த்தமில்லை. வைரஸ் உடம்பை விட்டுப் போய்விட்டது என்பதல்ல, ரத்தத்தில் எண்ண முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்பதுதான் விஷயம். தென்னாப்பிரிக்க வழிகாட்டுதலில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 காப்பிக்கு (வைரஸ் நகலுக்கு) கீழ் இருந்தால் அடங்கியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். "20க்குக் கீழ்" என்று வந்தாலும் "50க்குக் கீழ்" என்று வந்தாலும் சிகிச்சையில் வித்தியாசம் இல்லை.

50 முதல் 999 வரை வந்தால் கவனிக்க வேண்டும், 1000ஐத் தொட்டால் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து எதுவும் முடிவாகாது. ஒரு காய்ச்சலோ தடுப்பூசியோகூடக் கொஞ்ச நாளைக்கு எண்ணை ஏற்றிவிடும். 60 அடுத்த தடவை 130 ஆனால் இரட்டிப்புக்கு மேல் என்று தோன்றும். ஆனால் சுமார் மூன்று மடங்குக்குள் வரும் ஏற்ற இறக்கத்தைச் சோதனையின் இயல்பான ஆட்டம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த லேபில் ஒன்று, அந்த லேபில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் ஆட்டம் எது, ஏற்றம் எது என்று பிரித்தறிவதே கஷ்டம்.

தனியார் லேப் மெயிலில் எண்ணை அனுப்பிவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் "180" என்று வந்தால் திங்கள்கிழமை வரை அதோடு நீங்களே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிளினிக்கில் அதே 180 வந்தால் சிஸ்டரின் கேள்விகள் வரிசையாக வரும். மாத்திரை விட்டுப்போனதா? வாந்தி இருந்ததா? டி.பி. மருந்து ஏதாவது தொடங்கினார்களா? நெஞ்செரிச்சல் மருந்து, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா? கடைசிக் கேள்வி நம் வீடுகளுக்கு ரொம்ப முக்கியம். இப்போது பெரும்பாலானோர் எடுக்கும் ஏ.ஆர்.வி. மருந்தான டோலுடெக்ராவிரை வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பாதகமில்லை. கேள்விகள் முடிந்ததும் மூன்று மாதம் கழித்து மறு சோதனைக்குத் தேதி எழுதிக் கொடுப்பார்கள். தனியாரிலும் நல்ல டாக்டர் இதையெல்லாம் கேட்பார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவரைப் பார்க்க இன்னொரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபைல். வைரல் லோட் அடங்கியிருந்தால் கிளினிக் வரிசையை விட்டுவிட்டு, பக்கத்து மருந்துக்கடையிலேயே மாத்திரையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் பெயரைச் சேர்ப்பார்கள். அதற்குச் சமீபத்திய ரிசல்ட் அவர்கள் கணக்கில் இருக்க வேண்டும். தனியாரில் பார்த்த ரிசல்ட் அங்கே தானாக வந்து சேராது. காகிதத்தை நீங்கள் கொண்டுபோய்க் காட்டி, அதை ஃபைலில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். சில நேரம் திரும்ப ரத்தம் எடுத்துவிடுவார்கள். அதிகாலை வரிசையில் வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்காக நின்றுவிட்டால், மாத்திரைக்காக நிற்பது மிச்சம். என் கணக்குப்படி நேரத்திலும் கிளினிக்தான் லாபம்.

1000க்கு மேல் போன அனுபவம் எனக்கு இல்லை. அதனால் வைரஸ் மருந்துக்கு மசியாமல் போய்விட்டதா என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புச் சோதனை, மருந்து மாற்றுவது பற்றியெல்லாம் நான் பேசினால் அது கேள்விப்பட்ட கதையாகத்தான் இருக்கும். துணைக்குத் தொற்றுமா என்பதற்கு மட்டும் தெளிவான பதில் உண்டு. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருக்கும் ஜோடிகளைப் பின்தொடர்ந்து, 2016லும் 2019லும் வெளிவந்த பார்ட்னர் (PARTNER) ஆய்வுகளில், 200 காப்பிக்குக் கீழ் இருந்தவர்களிடமிருந்து ஆணுறை இல்லாத உடலுறவில் துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. தாய்ப்பாலுக்கு இதே கணக்கைப் போட முடியாது. அங்கே ஆபத்து மிகவும் குறையுமே தவிரப் பூஜ்யம் என்று சொல்ல மாட்டார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் சிஸ்டரிடம் தனியாகப் பேசியே ஆக வேண்டும்; அவர்களுக்குச் சோதனையும் அடிக்கடி நடக்கும்.

ஏற்கெனவே ஒரு தனியார் டாக்டரிடம் மருந்து, சோதனை, ஃபைல் மூன்றும் ஒரே இடத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு மாறாதீர்கள். நான் சொல்வது மாத்திரையைக் கிளினிக்கில் வாங்கிக்கொண்டு, ரத்தத்தை மட்டும் வெளியே கொடுக்கிறவர்களுக்கு. அடுத்த முறை போகும்போது கடைசி இரண்டு மூன்று ரிசல்ட்டையும் தேதியோடு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.