ஊர்க்கதையைப் படப்புத்தகமாக்கும் சேவை: அச்சைக் கொடுக்கலாம், கத்தரியைக் கொடுக்க வேண்டாம்

வெள்ளவத்தைப் பக்கம் உள்ள இந்தச் சிறு அச்சகம், அம்மம்மாமார் சொல்லும் கதையின் ஒலிப்பதிவை வாங்கி, எழுதி, சுருக்கி, படம் வரைவித்து, 32 பக்கச் சிறுவர் நூலாகத் தருகிறது. நூறு பிரதி என்றாலும் டிஜிட்டலில் அடித்துக் கொடுப்பார்கள். ஆயிரம் வேண்டுமென்றால் ஓப்செட்தான் கட்டுப்படியாகும்.

அச்சில் குறை சொல்ல அதிகமில்லை. உள்ளே 130 கிராம் ஆர்ட் கடதாசி, அட்டை 250 கிராம், நடுவில் கம்பிப் பின். பசைக்கட்டு கேட்டால் மறுக்கிறார்கள், அது நியாயம். 16 தாளுக்கு முதுகு இரண்டு மில்லிமீற்றர்கூட வராது. பசை பிடிக்க இடமில்லாமல் தாள் கழன்றுவிடும். ஆனால் பின் அடித்த நூலில் நடுப்பக்கம் மட்டுமே ஒரே தாள். மற்ற இரட்டைப் பக்கப் படங்கள் இரண்டு தாளில் பிரிந்து அச்சாகி, மடிப்பில் சற்று விலகும். நரியின் முகத்தை மடிப்பில் வைக்காதபடி ஓவியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். திரையில் பளிச்சிடும் கிளிப்பச்சை அச்சில் மங்கும். மாதிரித்தாள் பார்க்காமல் சம்மதம் கொடுக்க வேண்டாம்.

எழுத்துக்கோப்புத்தான் தலையிடி. இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அதை யுனிகோடுக்கு மாற்றும்போது 'கௌதாரி' 'கெளதாரி' ஆகிவிடுகிறது. ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் வேறுபாடில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால் பிழை திருத்துபவரும் தவறவிடுவார். ளகரம் வரும் சொற்களைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டும்.

சுருக்கம்தான் இந்தச் சேவையின் பலவீனம். தலைப்பு, பதிப்பு விபரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 14 இரட்டைப் பக்கம். ஒன்றுக்கு முப்பது நாற்பது சொல் என்றால் மொத்தம் ஐந்நூறு சொல். பத்து நிமிடம் சொன்ன கதை அதைப்போல இரண்டு மடங்காவது வரும், பாதி போயே ஆக வேண்டும். இவர்கள் முதலில் வெட்டுவது திரும்பத் திரும்ப வரும் அடியை. மரப்பிளவில் தானியம் விழுந்த குருவி தச்சனிடம் போய், அரசனிடம் போய், ஒவ்வொருவரிடமும் அதே முறைப்பாட்டைச் சொல்லும் கதையில் அந்த அடியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பிள்ளை கூடச் சேர்ந்து சொல்வதே அந்த இடத்தில்தான். வெட்ட வேண்டியது 'குருவி பறந்து போய் மரத்தில் இருந்தது' போன்ற வரிகளை. அதைப் படமே சொல்லிவிடும். சுருக்கத்தை நீங்களே செய்து, ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துக்கும் எண்ணிட்டுக் கொடுப்பது நல்லது.

பேச்சையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. 'எங்கை போறாய்?' என்பது திருத்தத்தில் 'எங்கே போகிறாய்?' ஆகி வருகிறது. கதை நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடக்கூடாது என்று எழுத்திலேயே கொடுங்கள்.

ஓவியர் கைத்திறன் உள்ளவர், ஆனால் ஊர் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கதைக்குத் துலா (நீர் இறைக்கும் நீண்ட மரம்) வைத்த கிணற்றுக்குப் பதில் கப்பி வைத்த கிணறும், பனையோலை வேலிக்குப் பதில் மரப்பலகை வேலியும் வரைந்தால் அங்கத்தைய பிள்ளை சிரிக்கும். துலா, கடகம், சுளகு எல்லாவற்றுக்கும் ஒளிப்படம் கொடுத்தால் வரைவு ஒரே திருத்தத்தில் முடியும்.

நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தக் கட்டணத்தில் சேராது. கொழும்பு 7 இல் உள்ள தேசிய நூலகத்தில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பதிப்புப் பக்க மாதிரியில் ஓவியர், அச்சகம், வெளியீட்டாளர் பெயர் உண்டு. கதை சொன்னவருக்கு இடமே இல்லை. பெயர், ஊர், பதிவு செய்த ஆண்டு மூன்றையும் அவருடைய சம்மதத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.