ஃப்ரீஸ் ட்ரையரில் ஜவ்வு மிட்டாய்: 19 மாத அனுபவம்

நாங்கள் ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லண்டில் இருக்கிறோம். கொல்லையில் ஓர் அத்தி மரம். ஜூலை வந்தால் இரண்டு வாரத்துக்குள் மொத்தமும் பழுத்துக் கொட்டிவிடும். அக்கம்பக்கம் கொடுத்தும் மிஞ்சும். அதைக் காப்பாற்றத்தான் வீட்டு உபயோக ஃப்ரீஸ் ட்ரையர், அதாவது உணவை உறைய வைத்து வெற்றிடத்தில் ஈரத்தை எடுத்து உலர்த்தும் மெஷின், வாங்கினோம். நான்கு தட்டு வைக்கிற நடுத்தர அளவு, காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கப் பக்கத்தில் தனியாக ஒரு வாக்குவம் பம்ப், எல்லாம் சேர்த்து மூவாயிரம் டாலரை ஒட்டி வந்தது. மிட்டாய்க்காக வாங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மிட்டாய்க்கு மட்டும் வாங்கலாமா?" என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

மிட்டாய் யோசனை என் பையனுடையது. அவனுக்குப் பதினொரு வயது. பள்ளியில் யாரோ கொண்டுவந்த, இந்த மாதிரி மெஷினில் பொரிய வைத்த ஸ்கிட்டில்ஸை (சர்க்கரை ஓடு போட்ட குட்டி ஜவ்வு மிட்டாய்) தின்றுவிட்டு வந்து, "நம்ம மெஷின்லயே செய்யலாம்மா" என்றான். (2024இல் ஸ்கிட்டில்ஸ் கம்பெனியே அந்த மாதிரி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.) அன்று தொடங்கியது, இப்போது நோட்டில் அறுபத்துமூன்று ஈடு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் ஈட்டில் நான் செய்தது, அத்திப்பழத்துக்குச் செய்வதை அப்படியே செய்தது. மைனஸ் முப்பது டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைய வைத்து, பிறகு வெற்றிடம், பிறகு மெல்ல மெல்லச் சூடு. இருபத்தாறு மணி நேரம் ஓடியது. மிட்டாய் பொரிந்துதான் வந்தது. ஆனால் எடை போட்டுப் பார்த்தபோது யோசனையாகிவிட்டது. 500 கிராம் ஸ்ட்ராபெரி போட்டால் வெளியே வருவது ஐம்பது கிராமை ஒட்டித்தான். மீதி அத்தனையும் தண்ணீர். 500 கிராம் ஹை-சூ என்ற ஜவ்வு மிட்டாயைப் போட்டேன், 468 கிராம் வந்தது. போன தண்ணீர் வெறும் 32 கிராம். ஆனால் ஒவ்வொரு துண்டும் மூன்று நான்கு மடங்கு பருத்திருந்தது. தண்ணீர் போனதால் மட்டும் இது நடக்காது.

படித்தும் செய்தும் பார்த்ததில் பிடிபட்டது இதுதான். பழம் உலர்வது குளிரால். உறைந்த பனிக்கட்டி, வெற்றிடத்தில் தண்ணீராக மாறாமல் நேரே ஆவியாகிறது. காற்றழுத்தம் ஏறத்தாழ 4.6 டாருக்குக் (டார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கினால்தான் அது நடக்கும். நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 760 டார், இந்த மெஷின் அரை டார் வரை இறங்குகிறது. மிட்டாய் கதை வேறு. அதில் உறைவதற்கே தண்ணீர் கிடையாது, சர்க்கரைப் பாகோடு பாகாகக் கலந்து கிடக்கிறது. மிட்டாயைப் பருக்க வைப்பது சூடும் வெற்றிடமும். அறுபது டிகிரி செல்சியஸில் மிட்டாய் இளகுகிறது. சுற்றிலும் அழுத்தம் இல்லாததால் உள்ளே இருக்கும் குட்டிக் காற்றுக் குமிழிகள் விரிகின்றன, இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் ஆவியாகி அவற்றை ஊதுகிறது. தண்ணீர் குறையக் குறையப் பாகு இறுகுகிறது. ஆறியதும் கண்ணாடி மாதிரி உடையும் பதம். அப்பளம் எண்ணெயில் பொரிவதற்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை.

அப்படியானால் குளிர் எதற்கு? வெளிவரும் ஆவியைப் பிடிக்க. உள்சுவர் ஜில்லென்று இருந்தால் ஆவி அதில் பனியாகப் படிந்துவிடும், பம்புக்குள் போகாது. ஆகவே சுவர் குளிர்ந்தால் போதும், மிட்டாய் உறைய வேண்டாம். இது புரிந்த பிறகு இருபத்தாறு மணி நேரம் இரண்டேகால் மணி நேரம் ஆனது. மின்சாரமும் ஓர் ஈட்டுக்கு நான்கு யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது.

இழுத்த மிட்டாய் ஏன் நன்றாகப் பொரிகிறது என்பதற்கும் இதுவே காரணம். ஹை-சூ, ஸ்டார்பர்ஸ்ட், டாஃபி (taffy) எல்லாம் பாகை இழுத்து மடித்து, மறுபடி இழுத்து மடித்துச் செய்பவை. ஒவ்வொரு மடிப்பிலும் காற்று சிக்கிக்கொள்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஊர்ல கம்புல பொம்மைய கட்டிக்கிட்டு ஜவ்வு மிட்டாய்க்காரன் வருவான்லா, அவனும் இழுத்து இழுத்துதான கைல கடிகாரம் கட்டி விடுவான்" என்றார். அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொம்மை கைதட்டும், நம் மணிக்கட்டில் இளஞ்சிவப்பில் ஒரு கடிகாரம் முளைக்கும். அந்த மிட்டாய் இங்கே கிடைத்தால் முதலில் அதைத்தான் தட்டில் வைப்பேன்.

இனி ஒவ்வொன்றாக.

ஹை-சூ எனக்கு முதலிடம், அதிலும் மாம்பழம். ஜப்பானில் மோரினாகா 1975இல் கொண்டுவந்த மிட்டாய் இது. ஒரு துண்டை இரண்டாக நறுக்கி வைத்தால் கோலிக்குண்டைவிடப் பெரிதாக, பழுப்பு படாமல், வெளிர் மஞ்சள் உருண்டையாக வரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும். வாயில் போட்டதும் ஒரு கடி 'நறுக்'கென்று, அடுத்த நொடி கரைந்து பால் மாதிரி ஆகிவிடுகிறது. கரைகிற வேகத்தில் புளிப்பும் மணமும் ஒரே சமயத்தில் நாக்கில் இறங்குவதால் சுவை கூடியது போலத் தெரியும். உண்மையில் சர்க்கரை ஒரு துளிகூடக் கூடவும் இல்லை குறையவும் இல்லை. இதைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மறந்துவிடக் கூடாது. கிண்ணம் நிறைய இருப்பது காற்று என்று நினைத்துத் தின்றுகொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் எண்ணித்தான் கொடுக்கிறேன்.

ஸ்கிட்டில்ஸ் செய்வதற்குச் சுலபம். நறுக்க வேண்டாம், ஒட்டாது, ஓடு வெடித்து உள்ளே இருப்பது சோளப்பொரி மாதிரி வெளியே பூத்து நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதில் ஆரம்பியுங்கள். ஓடு உடைந்த விளிம்பு மட்டும் கூர்மையாக இருக்கும், வேகமாகத் தின்றால் அண்ணத்தைக் கீறிவிடும்.

ஸ்டார்பர்ஸ்ட்தான் எனக்குப் பாடம் நடத்தியது. மூன்றாவதோ நான்காவதோ ஈட்டில், நறுக்காமல் முழுசாக, தட்டு நெருக்கி அடுக்கினேன். கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, மேல் அடுக்கின் அடிப்புறத்தில் போய் அப்பிக்கொண்டது. தவறு என்னுடையதுதான், அளவு தெரியாமல் வைத்தேன். வெந்நீர்த் துணியை நனைத்து நனைத்து வைத்து இரண்டு சாயங்காலம் துடைத்தேன். இப்போது நான்காக நறுக்கி, சிலிக்கான் விரிப்பில், துண்டுக்குத் துண்டு இரண்டு விரல்கடை இடம் விடுகிறேன். அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை.

கரடி உருவ கம்மி மிட்டாயில் பொறுமை வேண்டும். அதில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இருக்கிறது. 500 கிராம் போட்டு 418 எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் வெளியே மொறுமொறு, நடுவில் ரப்பர். சூட்டைக் குறைத்து எட்டு மணி நேரம் விட்ட பிறகுதான் நடு வரை காய்ந்தது. காய்ந்தாலும் ஜெலட்டின் காரணமாகக் கொஞ்சம் தெர்மகோல் கடிப்பது போலிருக்கிறது. என் பெண்ணுக்கு அதுதான் பிடிக்கிறது, எனக்கு இல்லை.

ஜெலட்டின் என்றதும் சொல்ல வேண்டியது. சைவ வீட்டுக்காரர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். இங்கே அமெரிக்காவில் விற்கும் ஸ்டார்பர்ஸ்டிலும் ஹை-சூவிலும் ஜெலட்டின் உண்டு. ஸ்கிட்டில்ஸில் இப்போது கிடையாது. அத்தை சைவம் என்பதால் அவருக்கென்று ஸ்கிட்டில்ஸ் மட்டும் தனித் தட்டில் போட்டேன். அவருக்குப் பல் செட். ஜவ்வு மிட்டாய் என்றாலே பத்து வருஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார், செட்டையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று. முதல் துண்டைத் தயங்கித் தயங்கி நாக்கில் வைத்தார். கடிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கரைய விட்டார். "அப்பளப்பூ மாதிரில்லா இருக்கு. ஏம்மா, அந்த ஊதாக் கலர்ல இன்னொண்ணு குடு" என்றார். இந்த மெஷினால் நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

சாக்லேட்டை முயற்சி செய்யாதீர்கள். கொழுப்பில் எடுப்பதற்குத் தண்ணீர் இல்லை, உருகி வழிவதோடு சரி. தேன் மிட்டாயும் சரிப்படவில்லை. உள்ளே இருக்கும் பாகு கசிந்து தட்டில் தேங்கிவிட்டது. ஆந்திரக் கடையில் கிடைக்கும் மாம்பழத் தாண்ட்ராவை, அதாவது காயவைத்த மாம்பழக் கூழை, சிறு சதுரங்களாக வெட்டிப் போட்டதில் பெரிதாகப் பருக்கவில்லை, ஆனால் வற்றல் மாதிரி மொறுமொறுப்பாக, மாம்பழ மணம் தூக்கலாக வந்தது. தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். புளி மிட்டாய் இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் பிசுபிசுப்பு போகவே இல்லை.

செய்வதைவிடக் கடினமானது, செய்ததைக் காப்பது. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பொரிந்த சர்க்கரை இன்னும் வேகமாக இழுக்கும். ஹூஸ்டன் காற்று சென்னைக் காற்றுக்கு அக்கா தங்கை. ஆரம்பத்தில் மெஷின் கராஜில் இருந்தது. ஒருநாள் மழை விட்ட நேரத்தில் தட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெண்ணை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வரப் போனேன். நாற்பது நிமிஷம். திரும்பி வந்தபோது மேல்பக்கம் பளபளவென்று வியர்த்திருந்தது, கையில் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. மழைக்காலத்தில் வெல்லம் கசிவது போல அப்படியே நமுத்துப்போயிருந்தது.

அதன் பிறகு மெஷினை ஏசி இருக்கும் துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டோம். கராஜில் ஈரப்பதம் எழுபதைத் தாண்டும், உள்ளே நாற்பத்தைந்து. ஆகஸ்ட் மாதக் கராஜ் சூட்டில் மெஷின் குளிர்வதற்கே திணறிக்கொண்டிருந்தது, அந்தக் கஷ்டமும் தீர்ந்தது. சத்தம் மட்டும் இப்போது வீட்டுக்குள். கிரைண்டர் ஓடுவது போல விடாமல் ஓர் இரைச்சல், கதவைச் சாத்தினால் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு பழக்கம், முடிந்ததும் சூட்டை மட்டும் நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் வெற்றிடத்திலேயே ஆற விடுவது. சூடு தணியாமல் காற்றைத் திறந்துவிட்டால், இளகிய நிலையில் இருப்பவை உப்பிய பூரி அமுங்குவது போல அமுங்கிவிடும்.

ஒரே ஈட்டு ஹை-சூவை மூன்றாகப் பிரித்து வைத்துப் பார்த்தேன். ஜிப் பையில் வைத்தது நான்காம் நாள் நமுத்தது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட கண்ணாடி ஜாடி, வாரம் ஒருமுறை திறந்து மூடியும் ஐந்து மாதம் மொறுமொறுப்பாக இருந்தது. காற்றும் ஈரமும் புகாத கனமான மைலார் பையில் போட்டுச் சூட்டில் ஒட்டியதைப் பதினொரு மாதம் கழித்துப் பிரித்தேன். அன்று செய்தது போலவே உடைந்தது, மணம் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு. ஆக்ஸிஜன் உறிஞ்சும் பொட்டலம் மிட்டாய்க்குத் தேவையில்லை. நம் எதிரி ஈரம்தான், ஆகவே சிலிக்கா ஜெல்.

பம்ப் எண்ணெயைப் பற்றி இரண்டு வரி. பழம், குழம்பு என்று ஓட்டினால் தண்ணீர் கலந்து எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிடும், அடிக்கடி வடிகட்ட வேண்டும். மிட்டாய்க்கு ஐந்தாறு ஈடு தாங்குகிறது. எண்ணெய் இல்லாத பம்பும் கிடைக்கிறது, விலை அதிகம்.

மெஷின் இல்லாமல் முடியுமா என்று கேட்பவர்களுக்காக டீப் ஃப்ரீசரில் மூன்று வாரம் ஸ்கிட்டில்ஸை விட்டுப் பார்த்தேன். கல் மாதிரி ஆனது, வெளியே எடுத்ததும் பழையபடி ஜவ்வு. வெற்றிடமும் சூடும் இல்லாமல் பொரியாது, எத்தனை மாதம் வைத்தாலும்.

மிட்டாய்க்கு மட்டும் வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். மூவாயிரம் டாலர் வீட்டுக் குழந்தைகளின் மிட்டாய்க்கு நியாயமே இல்லை. விற்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் மாநில விதியைப் பாருங்கள், வீட்டில் செய்த தின்பண்டத்துக்கு ஊருக்கு ஊர் சட்டம் வேறு. எங்களுக்கு அத்தி, மீந்த சாம்பார், கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று வாரம் இரண்டு நாள் மெஷின் ஓடுகிறது. கறிவேப்பிலை பச்சை நிறம் மாறாமல், கிள்ளினால் மணக்க மணக்க வருகிறது. அதற்கு நடுவில் இரண்டு மணி நேர மிட்டாய் ஒரு பாரமே இல்லை.

அத்தை ஊருக்குப் புறப்பட்டபோது பெரிய மைலார் பை நிறைய ஸ்கிட்டில்ஸ் ஒட்டிக் கொடுத்தேன். விமானத்தில் தூள் ஆகாமல் போய்ச் சேர்ந்தது. பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியைப் பையிலேயே மடித்து வைத்திருக்கிறார். மறுநாள் போனில், "எல்லாம் நமுத்து ஒரே கட்டியாட்டுல்லா கெடக்கு" என்று ஆதங்கப்பட்டார். நான்தான் யோசித்திருக்க வேண்டும். இந்த ஜூலையில் நாங்கள் போகிறோம். ஒரு பைக்கு இருபது, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் என்று பன்னிரண்டு சின்னப் பைகள் இதுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். ஊதாவை மட்டும் பொறுக்கி இரண்டு பை தனியாக.