ஏற்றத்தில் புகையா, இறக்கத்தில் புகையா: ரிங்கா, வால்வு சீலா?

பழைய பெட்ரோல் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்தால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்பதுதான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு உரசும் உலோக வளையம். பல நேரம் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதே நீலப் புகையை வால்வு சீலும் தள்ளும். சீல் மாற்றுவது ஒரு நாள் வேலை. ரிங் என்றால் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நிற்கும், செலவும் பல மடங்கு. அதனால் எது என்று தெரியாமல் இன்ஜினில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.

அதற்கும் முன்னால், ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் தெரிந்துவிடும். இன்ஜின் மேல்மூடியின் டாப்பட் கவர் கேஸ்கெட், கிராங்க் தண்டின் ஆயில் சீல் இரண்டையும் பாருங்கள். பி.சி.வி. வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வு) அடைத்திருந்தாலும், காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்குள் ஆயில் போகும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

இனி இரண்டு சந்தேகங்கள். வால்வு சீல் என்பது வால்வுத் தண்டின் மேல் உட்கார்ந்து, ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் சின்ன ரப்பர் தொப்பி. வருடக்கணக்கில் சூட்டில் வெந்து கல் மாதிரி இறுகிவிடும். குறைவாக ஓடிய காரிலும் வயது காரணமாகவே இது நடக்கும். ரிங் கெடுவது வேறு கதை: ஆயில் மாற்றாமல் ஓட்டியது, ஒரு தடவை கொதித்துப்போனது, கரி பிடித்து, பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்திலேயே அது சிக்கிக்கொண்டது.

இரண்டையும் பிரித்தறிய மலைப்பாதையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்னால் விடாமல் நீலப் புகை வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். இறங்கும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு வந்தால், த்ராட்டில் (காற்று போகும் அளவைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) மூடியிருப்பதால் இன்டேக்கில் வெற்றிடம் அதிகமாகி, இறுகிப்போன சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். வளைவு முடிந்து மறுபடி மிதிக்கும்போது குபுக்கென்று ஒரு மேகம் வந்து அடங்கினால் சீல்தான் முதல் சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மட்டும் புகைத்தாலும் அதே அர்த்தம்.

இதை மட்டும் நம்பிப் பணம் கட்டக் கூடாது. தேய்ந்த ஆயில் ரிங்கும் இறக்கத்தில் கொஞ்சம் உறிஞ்சும். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள்: இன்ஜின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து. ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட். பல மெக்கானிக்குகள் தவறவிடும் ஒரு விஷயமும் இதில் உண்டு: கம்ப்ரஷன் நன்றாக இருந்தாலே ரிங் தப்பித்தது என்று ஆகாது. அழுத்தத்தைத் தாங்குவது மேல் ரிங்குகள். ஆயிலை வழித்துவிடுவது கீழே உள்ள ஆயில் ரிங். அது மட்டும் கரியில் சிக்கினால் மீட்டர் நன்றாகவே காட்டும், ஆயிலும் எரியும்.

சீல் மாற்ற ஹெட்டை இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு பருத்திக் கயிற்றை, நுனி வெளியே இருக்கும்படி உள்ளே விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், கயிறு வால்வைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றிவிடலாம். வைட்டான் ரப்பர் சீலாகக் கேட்டு வாங்குங்கள், சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். கையோடு வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்திருக்கிறது, புதுச் சீலும் நிலைக்காது.

ரிங் வேலையில் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: போரை, அதாவது சிலிண்டரின் உள்விட்டத்தை, அளக்காமல் ரிங் போடாதீர்கள். சிலிண்டர் மேலே அகன்று, நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புது ரிங் அதில் பதியாது; சில மாதத்தில் புகை திரும்பிவிடும். அளவு வரம்புக்குள் இருந்தால் ஹோன் செய்து, அதாவது சுவரை லேசாக உரசிச் சொரசொரப்பாக்கி, ரிங் மட்டும் மாற்றினால் போதும். தாண்டியிருந்தால் லேத்தில் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட வேண்டும். மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினில் மூன்றே சிலிண்டர் என்பதால் பிஸ்டன் செலவு கொஞ்சம் இறங்கும்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மாற்றுவது எனக்குப் பிடித்த வழி இல்லை. அதன் ரிங் எப்படி என்று யாருக்குத் தெரியும்? ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் வேறு போக வேண்டும்.

எதுவும் செய்யாமல் ஆயில் ஊற்றி ஓட்டுவதும் ஒரு வழிதான். 1000 கி.மீ.க்குக் கால் லிட்டர் என்றால் நான் தொடவே மாட்டேன். ஒரு லிட்டரைத் தாண்டினால் பிளக் கரி பிடிக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ள வண்டியில் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதையும் கெடுக்கும். பழைய இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் புகையைக் கொஞ்சம் குறைக்கும், பழுதைச் சரிசெய்யாது.

அப்பாவின் பழைய காருக்கு ஒரு பட்டறையில் முழு ரிங் வேலை என்றார்கள். ஏற்காடு இறக்கத்தில் மட்டும்தான் புகைத்தது. சீல் மாற்றினோம். இப்போது 1000 கி.மீ.க்கு 200 மில்லி போகிறது. டிக்கியில் ஒரு லிட்டர் கேன் எப்போதும் இருக்கிறது.