ஊசி குத்தும் இடத்துக்கு மையா, அழுத்துத் தடமா?

முதுகுத்தண்டு நீர் எடுக்கும்போது இடம் தேடுவதுதான் பாதி வேலை. இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேட்டையும் தொட்டுப் பார்த்து இணைத்தால், அந்தக் கோடு ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் விழும். அதற்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியில்தான் ஊசி போகவேண்டும். விரலால் தடவிக் கண்டுபிடித்த அந்த இடத்தை எதை வைத்துக் குறிப்பது?

கைக்கு உடனே வருவது சட்டைப் பையில் உள்ள பால்பாயிண்ட் பேனா. என்னைக் கேட்டால், அது வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தேய்த்தால் மை கரைந்துவிடும். அதோடு, ஒருவர் முதுகில் பட்ட முனை அடுத்தவர் முதுகிலும் படும்.

தோலில் குறிப்பதற்கென்றே வரும் ஊதா மார்க்கர் எவ்வளவோ மேல். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் வீசிவிடலாம், மையும் ஓரளவு தாங்கும். ஆனால் கோலாலம்பூர் எமர்ஜென்சியில் ஒரே ஷிஃப்டில் சீனப் பாட்டியும் வருவார், நம் தமிழ் ஐயாவும் வருவார். பாட்டியின் முதுகில் பளிச்சென்று தெரியும் ஊதா, ஐயாவின் கருத்த தோலில், அதுவும் பழுப்பு நிறக் கிருமிநாசினியான போவிடோன் அயோடின் பூசியபின், கண்ணுக்குச் சிக்காது.

அழுத்துத் தடத்துக்கு நிறமே தேவையில்லை. ஊசி மாட்டாத சிரிஞ்சின் வாயையோ ஊசி மூடியின் திறந்த பக்கத்தையோ தோலில் சில விநாடிகள் நன்றாக அழுத்தி எடுத்தால், சின்ன வளையமாகக் குழி விழும். எதைப் பூசினாலும் அழியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் நிழல் விழுந்து, எந்த நிறத் தோலிலும் தெரியும். குறை ஒன்று உண்டு: இறுக்கமான இளம் தோலில் சில நிமிடங்களிலேயே மேலெழுந்துவிடும். மரப்பு மருந்து போட்டுத் தோல் உப்பினாலும் மறையும். ஆனால் அதற்குள் மருந்து போட்ட ஊசியின் துளையே அடையாளமாகிவிடும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றால் அழுத்துத் தடம்தான். இரண்டுக்கும் நேரம் இருந்தால் நடுவில் வளையம், சற்றுத் தள்ளி நாலு பக்கமும் மார்க்கரால் சின்னக் கோடுகள். நடுப்புள்ளியில் மை வைக்கக்கூடாது. ஊசியோடு உள்ளே போய்ப் பச்சை குத்தியதுபோல் தங்கிவிடலாம். அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்திருந்தால் ஜெல்லை முழுக்கத் துடைத்துவிட்டுக் குறியுங்கள், ஈரத்தில் மை பிடிக்காது.

"ஐயா, அப்படியே குனிஞ்சு இருங்க, அசையாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் நிமிர்ந்தால் எலும்பின்மேல் தோல் நகரும். மையும் தடமும் இருந்தபடியே இருக்க, இடைவெளி வேறிடத்தில் இருக்கும். அப்புறம் திரும்பவும் தொட்டுப் பார்த்துப் புதிதாகத்தான் குறிக்கவேண்டும். நெஞ்சு நீர் எடுக்கும்போதும் இதேதான்: உட்காரவைத்துப் போட்ட குறி, படுக்கவைத்தால் செல்லாது. நீரே இடம் மாறியிருக்கும்.