மானாமதுரை மண்சட்டி: தீபாவளிக் கறிக்குழம்புக்கும் மறுநாள் சுண்டக்கறிக்கும்

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மண்பாண்டம் இது. தீபாவளிக் காலையில் இட்லிக்கு ஊற்றும் ஆட்டுக்கறிக் குழம்புக்கு இதற்கு ஈடு கிடையாது. ஒரு கிலோ கறிக்கு மூன்று லிட்டர் சட்டி சரியாக இருக்கும். வாங்கும்போது விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும்; சத்தம் அடைத்தாற்போல் இருந்தால் கீறல், எடுக்காதீர்கள்.

முதலில் ஒருநாள் தண்ணீரில் ஊறவிட்டு, அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் தினமும் சிறுதீயில் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். சோப்பு ஆகாது, மண் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் சீயக்காயும் போதும். அடுப்பிலிருந்து இறக்கியதும் ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அடி விட்டுவிடும். சும்மாடு வைத்து இறக்குங்கள்.

எலும்போடு 1 கிலோ கறிக்குச் சின்ன வெங்காயம் கால் கிலோ, மிளகாய் வத்தல் 12, மல்லி 4 மேசைக்கரண்டி, மிளகும் சீரகமும் தலா 2 தேக்கரண்டி. கறி வெந்ததும், தேங்காய் அரைத்து ஊற்றும் முன்பே மறுநாளைக்கான குழம்பைத் தனியாக எடுத்துவிடுங்கள். தேங்காய் விழுந்த குழம்பு சீக்கிரம் ஊசிப்போகும்.

இந்தச் சட்டியின் குறையும் அதன் குணம்தான்: சூடு இறங்காது. மிச்சக் குழம்பை அதிலேயே விட்டால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து கெடும். அகலமான எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள், குளிர் விட்டபின் சட்டியில் ஊற்றி, சிறுதீயில் அரைமணி நேரம் சுண்டவிடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, மசாலா எலும்பைக் கவ்வும்போது பழைய இட்லியைப் பிய்த்துப் போட்டுப் பிரட்டுங்கள். சட்டியில் ஒட்டிய கடைசி மசாலாவுக்குச் சுடுசோறு.